செம்மண்ணைக் கூறுபோடும் பேனா

காணி பறிபோகின்றது என்று நாம் முழங்கத் தொடங்கி எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கல்லோயாக் குடியேற்றத்தைக் கண்டித்து எழுந்த குரலும், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியபோது எழுந்த குரலும் நிலத்தைக் காக்கும் குரல்களே. 1957ஆம் ஆண்டின் பண்டா–செல்வா ஒப்பந்தத்தில் நிலம் இருந்தது. 1965ஆம் ஆண்டின் டட்லி–செல்வா ஒப்பந்தத்தில் நிலம் இருந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினர். 2013இல் அவர்களுடைய 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது நாம் நீதிமன்றப் படியேறினோம். 2025 மார்ச்சில் வடக்கின் கரையோரக் காணிகள்மீது வர்த்தமானி அறிவித்தல் பாய்ந்தபோது ஒரே குரலில் எதிர்த்தோம், அரசு பின்வாங்கிற்று. இவை யாவும் செய்யத்தக்கவை; இனியும் செய்யவேண்டியவை.

ஆயினும் ஒரு கேள்வி நெஞ்சை அறுக்கின்றது. பிறர் பறித்த நிலத்துக்காக வீதியில் நிற்கும் நாம், நம் கையாலேயே துண்டு துண்டாக வெட்டி, விற்று, மதில் கட்டி மூடிவிடும் நிலத்துக்காக என்ன செய்தோம்? பறித்தவனிடம் திருப்பித் தா என்று கேட்கலாம். ஒப்பமிட்டு, பணம் எண்ணி வாங்கி, அறுதி உறுதி முடித்துக் கொடுத்த செம்மண்ணை எவரிடம் சென்று திருப்பிக் கேட்பது?

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியாலோ காங்கேசன்துறை வீதியாலோ வடக்கே செல்பவர் எவரும் இதைக் கண்ணாற் காணலாம். திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் எல்லாம் நகரோடு ஒட்டிவிட்டன. இணுவில், உரும்பிராய், கோப்பாய் ஆகியன ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த முறை சுன்னாகத்துக்கும் நீர்வேலிக்கும். வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் வாழையும் நின்ற தோட்டங்களில் இன்று சீமெந்துத் தூண்கள் நிற்கின்றன. “காணி விற்பனைக்குண்டு” என்ற பலகை, தோட்டத்தின் நடுவே வெருளிபோல நிற்கின்றது. வெருளி காகத்தைத்தான் விரட்டும். இப்பலகை கமக்காரனையே விரட்டுகின்றது.

வீடு வேண்டாமா?

“மக்கள் பெருகிவிட்டனர், வீடு கட்டாமல் எங்கே இருப்பது?” என்று கேட்பர். இக்கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். இன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தின் எல்லைக்குள் 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது வாழ்ந்தோர் தொகை ஏழு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 2012ஆம் ஆண்டு மதிப்பிலே அது ஆறு இலட்சத்தையும் எட்டவில்லை. போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் எம்மைக் குறைத்துவிட்டன. ஆட்கள் குறைந்த மண்ணில் துண்டுகள் மட்டும் பெருகுவது எவ்வாறு? பெருகியது குடி அன்று. காணிமீது முதலிடப்படும் பணம். 2009இல் ஏ-9 வீதி திறந்தது. 2014இல் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு மீண்டது. கடல் கடந்த உறவுகளின் காசும் வந்தது. அக்காசு தொழிற்சாலையாக மாறவில்லை, தோட்டமாகவும் மாறவில்லை, மதிலாக மாறிற்று. மதில் எழும்பிய துண்டுகள் எத்தனையில் வீடு எழும்பியிருக்கின்றது என்று உங்கள் ஒழுங்கையிலேயே எண்ணிப் பாருங்கள். உள்ளே நாயுருவியும் எருக்கலையும் வளர்கின்றன. உடையவர் பிறதேசத்தில் விலை ஏறும் நாளைப் பார்த்திருக்கின்றார்.

பதினொரு குழியில் ஒரு குடும்பம்

ஓர் ஏக்கர் பதினாறு பரப்பு. ஒரு பரப்பு பதினெட்டுக் குழி, அதாவது பத்துப் பேர்ச். இது நம் கமக்காரர் எவருக்கும் தெரிந்த வாய்ப்பாடு. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1986ஆம் ஆண்டுத் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் ஒரு துண்டின் ஆகக்குறைந்த அளவாகப் பொதுவிற் சொன்னது 150 சதுர மீற்றர். நம் கணக்கில் ஏறக்குறையப் பதினொரு குழி. ஆறு பேர்ச்சுக்கும் சற்றுக் குறைவு. குழாய்நீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள மாநகருக்கு அது பொருந்தலாம். ஆற்றுநீரும் இல்லாத, கழிவுநீர்க் குழாயும் இல்லாத சுண்ணக்கற் குடாநாட்டுக்கு அது பொருந்துமா?

பத்து மீற்றர் அகலமும் பதினைந்து மீற்றர் நீளமும் உள்ள துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையிற் கிணறு வெட்டி, எதிர்மூலையில் மலசலகூடக் குழி தோண்டினாலும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பதினெட்டு மீற்றர்தான். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பதடியாவது வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் கூறுவது நீங்கள் அறிந்ததே. ஐம்பதடி என்பது பதினைந்து மீற்றர். உமது காணிக்குள் எப்படியோ அந்தத் தூரத்தைக் கண்டுபிடித்துவிட்டீர் என்றே வைத்துக்கொள்வோம். மதிலுக்கு அப்பால் அயலவன் தோண்டிய குழி உமது கிணற்றுக்கு எத்தனை அடி தூரம்? உமது குழி அவன் கிணற்றுக்கு எத்தனை அடி? ஒழுங்கைக்கு விட்டதுபோக ஓர் ஏக்கரில் இருபது துண்டு வெட்டினால் இருபது கிணறும் இருபது குழியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். அடியில் இருப்பதோ வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணக்கல். மேலே விட்டது கீழே போக நாளெடுக்காது.

வலிகாமத்து மக்கள் குடிப்பதும் குளிப்பதும் இறைப்பதும் ஒரே நிலத்தடி நீரைத்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை மண்ணில் இறங்கிச் சுண்ணக்கல்லில் தங்கி நிற்பதே அந்த நீர். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் ஓடி அடங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்க, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது மிகுதியாக உள்ளது என்று ஆய்வாளர் பல்லாண்டுகளாக எச்சரித்து வருகின்றனர். உரமும் ஒரு காரணம். குழியும் ஒரு காரணம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு 2019இல் உயர்நீதிமன்றத்தில் முடிவுற்று, இழப்பீடு கட்டளையிடப்பட்டது. எண்ணெய் கலந்தது ஒரு நிலையத்தால் என்று கைகாட்ட முடிந்தது. இருபதினாயிரம் குழிகள் கலந்தால் எவர்மீது வழக்குத் தொடுப்பது? வாதியும் நாமே, பிரதிவாதியும் நாமே.

தோட்டம் எப்படிச் சாகின்றது?

ஒரு தோட்டம் சாகும் முறையை நீதிமன்றத்திற் பார்த்தவன் என்ற முறையிற் சொல்கின்றேன். பதினாறு பரப்புத் தோட்டக் காணி. நடுவே ஒரு பங்குக் கிணறு. நான்கு சகோதரருக்கு முதுசமாகவும் சீதனமாகவும் நான்கு நான்கு பரப்பு. உறுதியிலே “வழி, வாய்க்கால், கிணற்றுப் பங்கு” என்று எழுதியிருக்கும். முறை வைத்து இறைத்தார்கள். ஒருவர் முறைநாளில் மற்றவர் கிணற்றடிக்குப் போகமாட்டார். அது எழுதாத சட்டம். எவரும் மீறாத சட்டம்.

வீதியோரத்து நாலு பரப்புக்கு உரியவர் முதலில் விற்கின்றார். வாங்கியவர் கமக்காரர் அல்லர். அவர் அதை ஆறாகப் பிரித்து விற்கின்றார். வாங்கிய ஆறு பேரும் மதில் கட்டுகின்றனர். மதிலின் அடியில் வாய்க்கால் புதைகின்றது. பின்காணிக்கு உழவு இயந்திரம் போன பாதை நான்கடி ஒழுங்கையாகச் சுருங்குகின்றது. பின்காணிக்காரர் முதலிற் பொலிசுக்குப் போகின்றார். பின்பு நீதவான் நீதிமன்றத்தில் 66ஆம் பிரிவு வழக்கு. அதன் பின்பு மாவட்ட நீதிமன்றத்தில் பாதை வழக்கு. பத்தாண்டு ஆட்சியை நிரூபிக்கக் கிழவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றோம். தீர்ப்பு வருமுன் சாட்சிகள் சிலர் இறந்துபோகின்றனர். இறைக்காத மூன்று போகத்தில் பின்காணியும் இறந்துபோகின்றது. கடைசியில் அவரும் தரகரைத் தேடுகின்றார். முன்காணி விற்கப்பட்டது ஆசையால். பின்காணி விற்கப்பட்டது வேறு வழியின்மையால். நான்கு பரப்பை வெட்டியவர் பதினாறு பரப்பையும் வெட்டினார் என்பதே உண்மை.

ஆகவே “என் காணி, என் விருப்பம்” என்று சொல்வோரிடம் கேட்கின்றேன்: உங்கள் காணியை விற்கும்போது அயலவன் வாய்க்காலையும் சேர்த்து விற்பதற்கு உங்களுக்கு எந்த உறுதியில் உரிமை எழுதப்பட்டிருக்கின்றது?

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் எழுத்துருப் பெற்று, 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்ற தேசவழமையிலே முன்னீட்டு வாங்கும் உரிமை உண்டு. காணியை விற்க விரும்புபவன் முதலில் உரித்தாளருக்கும் பங்காளிக்கும், அக்காணியை ஈடாகப் பிடித்துள்ள எல்லைக் காணிக்காரனுக்கும் சொல்லவேண்டும். சந்தைக்குப் போவது அதன் பின்புதான். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வுரிமைக்குப் புது வரம்பு கட்டியது. பங்காளியையும் உரித்தாளரையும் வைத்துக்கொண்டு எல்லைக்காரனை விட்டுவிட்டது. தோட்டத்தில் உண்மையான நட்டம் எல்லைக்காரனுக்குத்தான். தேசவழமையைத் தமிழர் தனித்துவத்தின் அடையாளம் என்று மேடையில் வாழ்த்தும் நாம், காணி வெறும் பண்டமன்று என்ற அதன் உயிர்க்கருத்தை நொத்தாரிசு அலுவலகத்திற் புதைத்துவிட்டோம்.

சட்டத்தின் ஓட்டைகள்

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரப்புதல் குற்றம். நல்லது. எனினும் அச்சட்டத்தின் கடுமையான தடை வயலைப் பற்றியதே. வலிகாமத்தின் உயிர்நாடியோ மேட்டுச் செம்மண் தோட்டம். அதை நிரப்ப வேண்டியதில்லை. கல்லை அரிந்து அத்திவாரம் போட்டாற் போதும். நெல்லைக் காக்க எழுதிய சட்டம் வெங்காயத்தைக் கண்டுகொள்ளவில்லை.

அடுத்தது பிரிபடாப் பங்கு. துண்டு பிரிக்க அனுமதி வேண்டுமெனில், பிரிக்காமலே விற்றுவிடுகின்றனர். நாலு பரப்பில் ஆறில் ஒரு பங்கு என்று உறுதி எழுதப்படுகின்றது. தனியாக ஒரு வரைபடம் கீறப்படுகின்றது. மறுநாள் வேலி எழும்புகின்றது. உறுதியிற் பங்கு; தரையில் துண்டு. இதை எழுதுபவர்கள் யார்? என் தொழிலைச் சேர்ந்தவர்களே. இது நமக்குத் தெரியாது என்று சொல்லி நாம் கைகழுவ முடியாது. செம்மண்ணைக் கூறுபோடுவது மண்வெட்டியன்று, நம் பேனா.

இதற்கு மருந்து இந்நாட்டுச் சட்டத்திலேயே கிடக்கின்றது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், குடியேற்றத் திட்டத்தில் அனுமதிப்பத்திரம் பெற்றவன் தன் காணியை எவ்வளவுக்குக் கீழ் பிரிக்கலாகாது என்பதையும், பிரிபடாப் பங்கு எவ்வளவுக்குக் கீழ் போகலாகாது என்பதையும் சேர்த்தே வரையறுக்க இடமளித்தது. இரணைமடுத் தண்ணீரில் விளையும் கிளிநொச்சிக் கமக்காரருக்குப் பழகிப்போன விதி இது. முடிக்குரிய காணி சிதறலாகாது என்று அரசு கவலைப்பட்டது. தனியார் தோட்டம் சிதறலாகாது என்று கவலைப்பட எவரும் இல்லை.

மறுப்புரைகள்

“இராணுவம் ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பிடித்திருக்கும்போது, இருக்கும் தமிழனுக்கும் விதி போடுவதா?” என்று கேட்பர். ஆம், அதனாலேயே போடவேண்டும். வலிகாமம் வடக்கின் செம்மண் ஒரு பகுதி இன்னும் முட்கம்பிக்குள் இருப்பதால், வெளியில் எஞ்சியுள்ளது இருமடங்கு பெறுமதியுடையது. மேலும், விடுவிக்கப்பட்ட தோட்டங்களை நாளை தரகர் கையில் ஒப்படைப்பதற்காகவா முப்பது ஆண்டு போராடினோம்?

“கமக்காரன் மகளுக்குச் சீதனம் கொடுக்க வேண்டும், விலையைக் குறைத்து அவன் வயிற்றில் அடிப்பதா?” என்பர். இது கனமான கேள்வி. தட்டிக் கழிக்கத் தக்கதன்று. கமக்காரன் ஆசையால் மட்டும் விற்கவில்லை. கமம் கட்டுப்படியாகாததாலும் விற்கின்றான். 1970களில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது எந்தத் தோட்டக்காரன் காணியை விற்றான்? அயற்கிராமத்திலும் காணி தேடி வாங்கினான் அல்லவா? 1977இன் பின் கதவு திறக்கப்பட்டது. விளைச்சல் நாளில் வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்கும் வழக்கமும் தொடங்கிற்று. எனவே துண்டு அளவை மட்டும் விதித்துவிட்டு விலையைப் பற்றி வாய்திறவாதவன் அரை வேலை செய்தவன். அறுவடைக் காலத்து இறக்குமதி வரிக்காகப் பாராளுமன்றத்திற் போராடுவதும், சங்கங்கள் வழி களஞ்சியமும் குளிர்அறையும் அமைப்பதும் இதே கொள்கையின் மற்றப் பாதி.

மூன்றாவது மறுப்பே என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. “பெரிய துண்டுதான் வாங்கலாம் என்றால் ஏழை எங்கே வாங்குவான்? சாதியின் பேரால் தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவன், இப்போதுதான் ஆறு பேர்ச் வாங்க வசதி பெற்றிருக்கின்றான். அவன் முகத்திற் கதவை அடைப்பதா?” என்பதே அது. அடைக்கலாகாது. இவ்விதி உயர்ந்தோர் குறிச்சிக்கு வேலி கட்டும் தந்திரமாக மாறுமானால் அதை முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன். தோட்டத்தின் நடுவே பெரிய துண்டு என்று மட்டும் விதித்தால், பணக்காரன் எட்டுப் பரப்பில் மாளிகை கட்டுவான். மண்ணும் போகும், ஏழையும் போவான். வெளிநாடுகள் பலவற்றில் நிகழ்ந்த தவறு அது. ஆகவே அளவு மட்டும் போதாது. இடமும் பயனும் சேர்த்து வரையறுக்கப்பட வேண்டும். நகருக்குள் சிறு துண்டு, மாடிவீடு, பொதுக் கழிவுநீர்க் குழாய். ஊர்மனையில் நடுத்தரத் துண்டு. தோட்டத்திலும் வயலிலும் கமம் மட்டும். காணியற்றோருக்கு நகரோரத்திலேயே, வீதிக்கும் பாடசாலைக்கும் அருகில், சபைகள் காணி வாங்கி மனை வழங்க வேண்டும். இப்போது நடப்பது என்ன? ஏழைக்கு விற்கப்படுவது வெள்ளம் நிற்கும் தரவையும் தோட்டத்தின் பின்புறத்து வழியற்ற மூலையுமே. அதைச் சுதந்திரம் என்று சொல்வது அவனை ஏமாற்றுவதாகும்.

செய்ய வேண்டியது

2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் மக்கள் வாக்களித்தனர்; யாழ்ப்பாண மாவட்டத்தின் சபைகளிற் பெரும்பாலானவற்றைத் தமிழ்க் கட்சிகளே நடத்துகின்றன. மாகாண சபை 2018 ஒக்டோபரிற் காலாவதியாகிப் பின் தேர்தல் காணவில்லை. அதற்குக் கொழும்பைக் குறை கூறுவோம். ஆனால் துண்டு பிரிக்கும் வரைபடம் முதலில் வந்து சேர்வது சபையின் மேசைக்கு. திட்டமிடற் குழுவில் இருப்பவர் நம்மவர். அங்கே போடப்படும் கையொப்பத்துக்குக் கொழும்பு பொறுப்பன்று. இருக்கும் சிறு அதிகாரத்தைத் தரகருக்குப் பயன்படுத்துபவர், பெரிய அதிகாரம் கேட்டு மேடையேறும்போது மக்கள் சிரியாரோ?

ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லையிலுள்ள செம்மண் தோட்டம், வயல், குளம், தரவை அனைத்தையும் குறித்த வரைபடத்தை முதலில் மக்கள் முன் வைக்கட்டும். அவ்வரைபடத்தில் தோட்டமென்று குறித்த நிலத்தை எட்டுப் பரப்புக்குக் கீழ் பிரிக்க அனுமதியாதிருக்கட்டும். அங்கே கமஞ்செய்பவன் தன் குடும்பத்துக்குக் கட்டும் வீட்டுக்கு மட்டும் விலக்கு அளிக்கட்டும். கழிவுநீர்க் குழாய் இல்லாத ஊர்மனையில் இரண்டு பரப்புக்குக் கீழ் துண்டு வேண்டாம். இரண்டு பரப்பு என்பது ஏறக்குறைய 500 சதுர மீற்றர். கிணற்றையும் குழியையும் ஐம்பதடிக்கு விலக்கி வைக்க அதிலாவது இடமுண்டு. உபவிதி போதுமான இடத்தில் உபவிதி. அபிவிருத்தித் திட்டம் வேண்டிய இடத்தில் நகர அபிவிருத்தி அதிகாரசபையை வற்புறுத்தி அதைப் பெறுதல்.

சட்டத் திருத்தமாக மூன்று கேட்போம். வெளியாருக்கு விற்கும் பிரிபடாப் பங்கு ஆகக்குறைந்த அளவுக்குக் கீழ் இருந்தால் அது துண்டு பிரித்தலாகவே கருதப்பட வேண்டும். வயலுக்குள்ள பாதுகாப்பு மேட்டுத் தோட்டத்துக்கும் நீள வேண்டும். முன்னீட்டு வாங்கும் உரிமை, எல்லையில் கமஞ்செய்பவனுக்கும் கிடைக்க வேண்டும். கேரளத்தார் 2008இல் நெல்வயலையும் சதுப்பையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றினர். காணிக்கு விலை கூடிய, வெளிநாட்டுக் காசு வந்து குவியும் நாடு அதுவும்தான்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தோட்டத்தை நறுக்கும் பங்கு உறுதியை எழுத மாட்டோம் என்று நொத்தாரிசுமார் தீர்மானிக்கலாம். வாய்க்காலையும் பாதையையும் மறைத்து வரைபடம் கீற மாட்டோம் என்று நில அளவையாளர் தீர்மானிக்கலாம். முன்காணியை விற்பதற்கு முன் பின்காணிக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். பிறதேசத்தில் வாழும் உறவினர் மதில் கட்டிய துண்டை அயற் கமக்காரனுக்குக் குத்தகைக்காவது கொடுக்கலாம். இவை எதற்கும் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டாம்.

தமிழ்ப் பெருமக்களே, நிலம் இல்லாத இனத்துக்குத் தாயகம் என்ற சொல் வெறும் ஓசை. அந்நிலம் விளைய வேண்டும். அதன் கிணறு குடிக்கத்தக்கதாயிருக்க வேண்டும். உங்கள் சபையின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் வட்டாரத்து உறுப்பினரிடம் ஒன்றையே கேளுங்கள்: கடந்த மாதம் எத்தனை துண்டு வரைபடங்களுக்கு அனுமதி கொடுத்தீர்கள், அவற்றுள் எத்தனை தோட்டக் காணி? விடை சொல்லும் வரை எழுந்து வராதீர்கள்.